மலைக் கல்லும் மனித எலும்பும்

ஈப்போவுக்குச் செல்வோர் கண்ணில் முதலில் படுவன அந்நகரைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளே. தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து புறப்படும் காவடிகள் சென்று சேரும் கல்லுமலையும் அத்தகைய குன்றுதான். அக்குன்றுகளின் கல்லுக்கும் நம் உடம்பின் எலும்புக்கும் உறவு உண்டு என்றால் வியப்பாக இருக்கலாம். அவ்வுறவைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நமக்குச் சிலிபினில் தோன்றியது.

சில காலத்துக்கு முன் சிலிபினில் நடைபெற்ற உடல்நல விளக்கக் கூட்டம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். வந்திருந்தோரில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் ஆண்டுக் கணக்கில் பால் வெட்டியவர்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின் நகரின் ஓரத்தில் குடியேறியவர்கள். கூட்டம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்தார். முன்னொரு நாள் விடியற்காலை இருட்டில் வெட்டுக்குப் போகும்போது மோட்டார் சைக்கிள் செம்மண் பாதையில் வழுக்கி, அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டதாம். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துக் காலில் வைத்து மருத்துவர்கள் சரி செய்தனராம்.

“காலு ஆறு மாசத்துல சரியாப் போச்சு சார். எலும்பு எடுத்த இடுப்புதான் ரெண்டு வருஷம் வலிச்சது. ஈப்போ முழுக்கக் கல்லாக் கெடக்குதே, அத அரைச்சு வைக்கக் கூடாதா?” என்று அவர் கேட்டார்.

எல்லாரும் சிரித்தனர். அருகிலிருந்த அவருடைய மனைவியார் விடவில்லை. “அவருக்காச்சும் இடுப்புல எலும்பு இருந்துச்சு. எனக்கு எடுத்து வைக்க வேற பல்லு எங்க இருக்கு?” என்றார். நாற்பது வயதுக்கு முன்பே மேல்வரிசைப் பற்கள் முழுவதையும் பிடுங்கிக்கொண்டவர் அவ்வம்மையார்.

சிரிப்புக்கிடையே எழுந்த அவ்விரு கேள்விகளும் அறிவியலறிஞர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வரும் கேள்விகளே. உடைந்த எலும்பையும் பழுதுற்ற பல்லையும் செப்பனிட எப்பொருள் ஏற்றது? இயற்கை அவற்றை எவ்வாறு கட்டியதோ அவ்வாறே நாமும் கட்ட இயலுமா? இவற்றுக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளை இங்கே காண்போம்.

எலும்பு வெறும் கல்லன்று

எலும்பு கல்லைப் போல ஒரே பொருளால் ஆனது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று என்பதை நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே கண்டறியலாம்.

கோழிக் கால் எலும்பு ஒன்றைச் சதை நீக்கிக் கழுவிக்கொள்ளுங்கள். கடையில் ‘சுக்கா’ என்று கேட்டு வாங்கும் காடியில் அதை ஒரு வாரம் ஊறவையுங்கள். இடையில் ஓரிரு முறை காடியை மாற்றுங்கள். பின்னர் எடுத்து வளைத்துப் பாருங்கள். எலும்பு முறியாது, ரப்பரைப் போல வளையும். காடியிலுள்ள அமிலம் எலும்பிலிருந்த சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துவிட்டது. எஞ்சி நிற்பது கொலாஜன் எனப்படும் நார்ப் புரதம்.

மற்றோர் எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டெடுங்கள். வடிவம் மாறாது வெள்ளையாக இருக்கும். விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும். இம்முறை நார் எரிந்துபோயிற்று. சுண்ணாம்புச் சத்து மட்டும் நின்றது.

நார் மட்டும் இருந்தால் எலும்பு துவளும். சுண்ணாம்பு மட்டும் இருந்தால் நொறுங்கும். இரண்டும் சேர்ந்திருப்பதனால்தான் நாம் மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, அதைத் தோளில் சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க முடிகிறது. எடைக் கணக்கில் எலும்பின் மூன்றில் இரண்டு பங்கு கனிமம். மீதி கொலாஜனும் நீரும். அந்தக் கனிமத்தின் பெயர் ஹைட்ராக்சி அபடைட். சுண்ணாம்பின் சத்தாகிய கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்த மிக நுண்ணிய படிகம் அது. அதன் தகடுகள் தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே தடிப்புடையவை. அத்தகடுகள் கொலாஜன் நார்களின் ஊடே வரிசையாகச் செருகப்பட்டுள்ளன.

இரண்டு சேர்ந்தால் வலிமை

இவ்வாறு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள் தத்தம் தன்மை கெடாமல் சேர்ந்து, தனித்தனியே இல்லாத வலிமையைப் பெறுமாயின் அதனைக் கூட்டுப் பொருள் என்பர். இது நமக்குப் புதிதன்று. களிமண்ணில் வைக்கோலைப் பிசைந்து சுவர் எழுப்பினர் நம் முன்னோர். களிமண் மட்டும் என்றால் வெடிக்கும். வைக்கோல் அவ்வெடிப்பு பரவாமல் பிடித்துக்கொள்ளும்.

நாம் வெட்டும் பாலும் இறுதியில் கூட்டுப் பொருளாகவே உலகத்துக்குப் பயன்படுகிறது. ரப்பரை மட்டும் கொண்டு டயர் செய்தால் அது சாலையில் விரைவில் தேய்ந்துவிடும். எனவே நுண்ணிய கரித்தூளை அதில் கலந்து, உள்ளே நூலும் கம்பியும் வைத்துக் கட்டுகின்றனர். டயர் கறுப்பாக இருப்பது அழகுக்காக அன்று. அந்தக் கரித்தூள்தான் அதன் உழைப்புக்குக் காரணம்.

இயற்கையோ இக்கலையில் மனிதனை விஞ்சி நிற்கிறது. முத்துச் சிப்பியின் உட்புறத்துப் பளபளப்பான பகுதியில் நூற்றுக்கு 95 பங்கு சுண்ணாம்புப் படிகம். 5 பங்கு மட்டுமே புரதம். ஆயினும் வெறும் படிகத்தை உடைப்பதைக் காட்டிலும் சிப்பியை உடைக்க ஏறத்தாழ 3,000 மடங்கு ஆற்றல் வேண்டும் என்று கணக்கிட்டுள்ளனர். காரணம் அதன் அமைப்பு. செங்கல்லை அடுக்கிச் சாந்து பூசியதுபோலப் படிகத் தகடுகள் அடுக்கப்பட்டு, இடையே புரதம் பூசப்பட்டுள்ளது. ஓரிடத்தில் விரிசல் கண்டாலும் அது நேராகப் பாய இயலாமல் தகட்டுக்குத் தகடு வளைந்து வளைந்து சென்று வலுவிழந்துவிடுகிறது. எலும்பையும் சிப்பியையும் ஆசானாகக் கொண்டு பொருள் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அறிஞர்களுக்கு இதிலிருந்தே பிறந்தது.

பழைய முறைகளும் அவற்றின் குறைகளும்

எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பழையது நீங்கிப் புதிதாக அமைகிறது. ஆகவே சாதாரண முறிவு, எலும்பை நேராக வைத்து அசையாமல் காத்தால் தானே கூடிவிடும். எலும்பு நொறுங்கிப் பெரிய இடைவெளி விழும்போதும், நோயினால் ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேரும்போதும்தான் தொல்லை. இடைவெளியை நிரப்ப ஏதேனும் வேண்டும்.

நோயாளியின் சொந்த எலும்பே நிரப்புவதற்கு மிகச் சிறந்தது. அதில் உயிருள்ள அணுக்கள் உள்ளன. உடம்பு அதை மறுப்பதில்லை. ஆனால் அதற்காக நல்ல இடத்தில் மற்றொரு காயம் உண்டாக்க வேண்டும். சிலிபின் பெரியவர் சொன்ன இடுப்பு வலி பலரும் அடையும் துன்பமே. எடுக்கக்கூடிய எலும்புக்கும் ஓர் அளவு உண்டு.

இரண்டாவது வழி, பிறர் தானமாக அளிக்கும் எலும்பு. நம் நாட்டில் கிளாந்தான், குபாங் கிரியானிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்தில் 1990-களின் தொடக்கத்திலிருந்து திசு வங்கி ஒன்று இயங்கி வருகிறது. தானமாக வரும் எலும்பைத் தூய்மை செய்து, கிருமி நீக்கி, மருத்துவமனைகளுக்கு அளிப்பது அதன் பணி. எனினும் தானம் செய்வோர் வேண்டுமே!

மூன்றாவது, உலோகத் தகடும் திருகாணியும். முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்துவதில் அவை இன்றும் இன்றியமையாதவை. ஆனால் எஃகு எலும்பைக் காட்டிலும் ஏறத்தாழ பத்து மடங்கு விறைப்பானது. தகடே எல்லாப் பளுவையும் தாங்கிக்கொண்டால் அதன் கீழுள்ள எலும்பு வேலையின்றி மெலிந்துவிடுகிறது. எந்நேரமும் இடுப்பில் வைத்துத் தூக்கிச் சுமந்தால் குழந்தை எப்படி நடை பழகும்? எலும்பும் அவ்வாறே. பளுவைத் தாங்கித் தாங்கித்தான் அது வலுப்பெறும்.

இயற்கையைப் பின்பற்றிய மூவகை முயற்சிகள்

1967-இல் அமெரிக்கப் பேராசிரியர் லாரி ஹென்ச், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரி ஒருவரைப் பேருந்துப் பயணத்தில் சந்தித்தார். காயமுற்ற வீரர்களின் உடம்பு உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் ஏற்க மறுக்கிறது. உடம்பு ஏற்றுக்கொள்ளும் பொருளை உங்களால் செய்ய இயலாதா என்று அவ்வதிகாரி கேட்டார். கண்ணாடி ஆராய்ச்சியாளரான ஹென்ச், உடம்பிலுள்ள கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்த புதுவகைக் கண்ணாடி ஒன்றை 1969-இல் உருவாக்கினார். எலியின் எலும்பில் பதித்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டுவிட்டது. மனிதன் செய்த பொருள் ஒன்று உயிருள்ள எலும்போடு பிணையும் என்பதை உலகம் அன்று அறிந்தது. இன்று பற்கூச்சத்துக்கென விற்கப்படும் சில பற்பசைகளிலும் இக்கண்ணாடியின் தூள் சேர்க்கப்படுகிறது.

இலண்டன் பேராசிரியர் வில்லியம் போன்ஃபீல்டு மற்றொரு வழியில் சென்றார். எலும்பு என்பது நாரும் கனிமமும் என்றால், நாருக்குப் பதில் பாலித்தீன் என்னும் பிளாஸ்டிக்கையும் கனிமத்துக்கு ஹைட்ராக்சி அபடைட் துகளையும் வைத்தால் என்ன? 1981-இல் அவருடைய குழுவினர் இக்கூட்டுப் பொருளைப் பற்றி எழுதினர். உலோகத்தைப் போல மிகையான விறைப்பு அதற்கு இல்லை. எலும்பும் அதில் ஒட்டும். காதினுள் இருக்கும் சிற்றெலும்புகளுக்கும் கண்குழியின் அடிப்பகுதிக்கும் அது பயன்பட்டது. தொடை எலும்பைப் போலப் பெரும்பளு தாங்கும் இடத்துக்கு அதன் வலிமை போதவில்லை.

மூன்றாவது முயற்சி பனிக்கட்டியைத் துணைக்கொண்டது. நீர் உறையும்போது தன்னிலுள்ள தூசியைப் புறந்தள்ளிவிட்டுத் தகடு தகடாக உறைகிறது. 2006-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் ஹைட்ராக்சி அபடைட் தூளை நீரில் கலந்து ஒரு புறமிருந்து உறைய வைத்தனர். பனித் தகடுகளுக்கிடையே தூள் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. பின்னர்ப் பனியை நீக்கிச் சூளையிலிட்டபோது, சிப்பியைப் போன்ற அடுக்கமைப்புடைய பொருள் கிடைத்தது. அதே பொருளால் ஆன பழைய நுண்துளைக் கட்டிகளைவிட அது நான்கு மடங்கு வரை வலிமை பெற்றிருந்தது.

எலும்பை நிரப்பும் பொருளுக்கு நுண்துளைகள் வேண்டும் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமாவது இருந்தால்தான் இரத்தக் குழாயும் எலும்பணுக்களும் அத்துளைகளில் நுழைந்து குடிபுகும். வீடு கட்டும்போது எழுப்பும் சாரத்தைப் போன்றது அப்பொருள். வீடு எழும்பியபின் சாரத்துக்கு வேலை இல்லை. நல்ல பொருளும் அவ்வாறே சிறிது சிறிதாகச் சொந்த எலும்புக்கு இடம் விட வேண்டும்.

உள்நாட்டுச் சுண்ணாம்புக் கல்

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். மலைக் கல்லை அரைத்து எலும்பில் வைக்க முடியுமா? அரைத்து வைக்க முடியாது. ஆனால் மாற்றி வைக்க முடியும். நம் நாட்டு அறிஞர்கள் இதனைச் செய்து காட்டியுள்ளனர்.

மலேசியச் சுண்ணாம்புக் கல்லை மூலப்பொருளாகக் கொண்டு ‘கிரானுமாஸ்’ என்னும் செயற்கை எலும்புத் துகள் உருவாக்கப்பட்டது. சிரிம் நிறுவனம், மலேசிய அணுசக்தி நிறுவனம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகியவை இம்முயற்சியில் கைகோத்தன. 2000-ஆம் ஆண்டுக்குப் பிந்திய பத்தாண்டில் முயல்களின் எலும்பில் இத்துகளை இட்டுச் சோதித்தபோது, அதைச் சுற்றியும் ஊடுருவியும் புதிய எலும்பு வளர்வது காணப்பட்டது.

கல் எலும்புச் சத்தாக மாறும் முறை பொதுவாக இதுதான். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீர் தெளித்தால் அது கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இவ்வாறு வந்ததே. அந்தச் சுண்ணாம்பு நீரில் பாஸ்பாரிக் அமிலத்தை அளவறிந்து துளித்துளியாகச் சேர்த்தால் வெண்ணிற வண்டல் படியும். அதுவே ஹைட்ராக்சி அபடைட். பாலில் அமிலம் கலந்து கட்டியாக்கும் வேலையை அறிந்த நமக்கு இதனைப் புரிந்துகொள்வது எளிது. அளவு தவறினால் பால் சரியாக உறையாது. இங்கும் அளவு தவறினால் வேறொரு பொருளாகிவிடும். வண்டலைக் கழுவி உலர்த்தி, 1,000 பாகைக்கு மேல் சுட்டுத் துகளாக்கிக் கிருமி நீக்குகின்றனர்.

வேறிடங்களிலும் தமிழருக்கு அண்மையில் இத்தகைய பணி நடந்துள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் குப்பையில் எறியப்படும் முட்டை ஓட்டிலிருந்து இதே கனிமத்தைச் செய்யும் முறையை 2007-இல் வெளியிட்டனர். முட்டை ஓடும் சுண்ணாம்புக் கல்லும் வேதியியலில் ஒரே குடும்பம். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகமும் எலும்பை நிரப்பும் பீங்கான் துகளையும், பல்லுக்கான கூட்டுப் பொருளையும் உருவாக்கியுள்ளது.

இத்துகளால் எல்லாம் கைகூடிவிடும் என்று எண்ணிவிடலாகாது. அது இடத்தை நிரப்பும். தனியே நின்று உடற்பளுவைத் தாங்காது. எனவே தகடும் திருகாணியும் துணை நிற்க வேண்டும். சீழ் பிடித்த இடத்திலும் இரத்த ஓட்டம் குன்றிய இடத்திலும் அது பயன்தராது. புகை பிடிப்போருக்கும் நீரிழிவைக் கட்டுப்படுத்தாதோருக்கும் எலும்பு கூடுவது தாமதப்படும். மேலும் ஒன்று: கல்லிலிருந்து எலும்புச் சத்து வருகிறது என்பதற்காக வெற்றிலையில் சுண்ணாம்பை மிகுதியாகத் தடவி மெல்லுவதால் எலும்பு வலுப்பெறாது, வாய்தான் வெந்து புண்ணாகும். பாக்கு மெல்லும் பழக்கம் வாய்ப் புற்றுநோய்க்கு வித்திடும் என்பதும் நிறுவப்பட்ட உண்மை.

பல்லின் கதை வேறு

இனி அம்மையாரின் கேள்வி. பல்லும் கூட்டுப் பொருளே. வெளியே தெரியும் மேற்பூச்சாகிய எனாமலில் நூற்றுக்கு 96 பங்கு கனிமம். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதன் உள்ளே இருக்கும் பகுதி ஏறக்குறைய எலும்பை ஒத்தது. அதுவே கடிக்கும் அதிர்ச்சியைத் தாங்குகிறது. ஆனால் எலும்புக்கும் எனாமலுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. முளைத்த பல்லின் எனாமலில் உயிரணு இல்லை. எலும்பு முறிந்தால் கூடும். எனாமலில் குழி விழுந்தால் அது தானே நிரம்பாது.

குழி எவ்வாறு விழுகிறது? நாம் உண்ணும் இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. பால் உறைய வைக்கும் அமிலம் சிந்திச் சிந்திச் சிமெண்டுத் தரை அரிக்கப்படுவதைத் தோட்டத்து ஆலையில் கண்டிருப்பீர்கள். பல்லிலும் அதே அரிப்புதான் நிகழ்கிறது.

பற்களை இழந்தோருக்கு ஒரு காலத்தில் கைகொடுத்தது நம் ரப்பரே என்பது பலரும் அறியாத செய்தி. ரப்பருடன் மிகுதியான கந்தகம் சேர்த்துக் காய்ச்சினால் அது கட்டை போலக் கெட்டிப்படும். 1850-களிலிருந்து ஏறத்தாழ 1940 வரை பொய்ப்பற்களைப் பதிக்கும் தட்டு அத்தகைய கெட்டி ரப்பரால் செய்யப்பட்டது. தங்கத் தட்டு வாங்க இயலாத ஏழை எளியோரும் அதனால்தான் பொய்ப்பல் கட்டிக்கொள்ள முடிந்தது. பின்னரே இப்போதுள்ள அக்ரிலிக் பிளாஸ்டிக் வந்தது.

ரப்பர் மரத்தின் விதை பிரேசிலிலிருந்து வந்தது. 1877-இல் பேராக், கோலக்கங்சாரில் கன்றுகள் நடப்பட்டன. அதற்கு முன்பே மலாயாக் காடுகளில் ‘கெத்தா பெர்ச்சா’ என்னும் பால் எடுக்கப்பட்டு வந்தது. ரப்பருக்கும் அதற்கும் மூலக்கூறு ஒன்றே. அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. ஆகவே ரப்பர் இழுபடும். கெத்தா பெர்ச்சா கெட்டியாக நிற்கும். பல்லின் வேர்க்குழியைத் தூய்மை செய்தபின் அதை நிரப்ப இன்றும் பல் மருத்துவர்கள் இப்பொருளையே துத்தநாகத் தூளுடன் கலந்து பயன்படுத்துகின்றனர். பிடுங்கி எறியப்பட வேண்டிய பல்லை இச்சிகிச்சை காப்பாற்றுகிறது.

குழியை அடைக்கும் வெண்ணிறப் பொருளும் கூட்டுப் பொருளே. பொடி சேர்ந்த நல்ல பிசினைக் கண்டுபிடிப்பதற்கு முன், அது பல்லில் பிடிக்க வேண்டுமே! உலோகத்தின் மேல் சாயம் நன்கு பிடிக்க அதை முதலில் அமிலத்தால் கழுவும் தொழில் முறையைக் கண்ட அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர், பல்லின் மேற்பூச்சையும் அவ்வாறே சிறிது அரித்தால் நிரப்பும் பொருள் பிடித்துக்கொள்ளும் என்று 1955-இல் காட்டினார். 1962-இல் ரஃபேல் போவன் என்பவர் பிசினில் நுண்ணிய கண்ணாடித் தூளைக் கலந்து, இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு செய்தார். டயரில் ரப்பரும் கரித்தூளும் பிணைவது போன்ற ஏற்பாடு இது. இப்போது நீல ஒளி பட்டதும் சில நொடிகளில் இறுகும் வகைகள் வழக்கில் உள்ளன.

இலண்டன் அரசாங்க வேதியியல் கூடத்தைச் சேர்ந்த வில்சன், கென்ட் ஆகியோர் 1972-இல் வெளியிட்ட கண்ணாடிச் சிமெண்டு இன்னொரு வகை. அது பல்லோடு தானே ஒட்டும். பல்லுக்கு வலுவூட்டும் புளோரைடையும் சிறிது சிறிதாக வெளிவிடும். மின்சார இயந்திரம் இல்லாத இடத்திலும் கைக்கருவியால் குழியைச் சுரண்டி இதனை அடைக்கலாம். மருத்துவக் கூடத்துக்குத் தொலைவிலுள்ள தோட்டப்புறங்களுக்கு இது மிக ஏற்றது.

இவையெல்லாம் பல் இருக்கும்போது செய்யக்கூடியவை. பல் போனபின் தாடையெலும்பும் வேலையின்றிச் சுருங்குகிறது. அதனாலேயே நாளடைவில் பல் செட்டு தளர்ந்து ஆடுகிறது. சுருங்கிய தாடையை எலும்புத் துகளால் நிரப்பி, டைட்டானிய உலோக வேரைப் பதித்துப் பல் கட்டலாம். டைட்டானிய வேரைப் பதித்துப் பல் கட்டும் முறை 1965-இல் சுவீடனில் தொடங்கியது. அது நன்மையானதே, ஆனால் செலவு மிகுந்தது. புதிய எனாமலைத் தானே வளர்க்கும் சிகிச்சை இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளிவரவில்லை.

நாம் செய்யத்தக்கவை

செயற்கைப் பொருள்கள் எத்துணை முன்னேறினும் அவை இயற்கையின் நகல்களே. மூலத்தைக் காப்பது நம் கையில் உள்ளது.

எலும்பு முறிந்தால் எண்ணெய் தடவி உருவுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. அசையாமல் மட்டை கட்டி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தோல் கிழிந்து எலும்பு தெரியுமானால் தூய துணியால் மூடுங்கள். ஒரு மணி நேரமும் வீணாக்காதீர்கள். சீழ் பிடித்துவிட்டால் எந்தத் துகளாலும் பயனில்லை என்பதை மேலே கண்டோம்.

வேலைக்குச் செல்லும் வழியிலோ வேலையிடத்திலோ அடிபட்டால் அன்றே நிர்வாகத்துக்குத் தெரிவித்து, சொக்சோ பாதுகாப்புக்கான மனுவைச் செய்யுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நிரூபிப்பது கடினமாகும்.

எலும்போடு உண்ணும் நெத்திலி, கேழ்வரகு, முருங்கைக் கீரை, பால் ஆகியவை எலும்புக்குச் சத்தூட்டுவன. புகைப் பழக்கத்தை விட்டொழிப்பது முறிந்த எலும்புக்கு நாமே செய்துகொள்ளும் மருத்துவம்.

நம் நாட்டில் 1972 முதல் குடிநீரில் புளோரைடு சேர்க்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கிணற்று நீரையும் ஆற்று நீரையும் பயன்படுத்தும் தோட்டங்களுக்கு அந்நன்மை எட்டுவதில்லை. அங்குள்ளோர் புளோரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும் பல் துலக்குவது மிகவும் தேவை. குழந்தையைப் பால் புட்டியுடன் உறங்க வைக்காதீர்கள். பள்ளிக்குப் பல் தாதி வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

விளையாட்டில் பிள்ளையின் நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால், பல்லின் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, தேய்க்காமல் பசும்பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மீண்டும் பதிக்கப்பட்ட பல் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்புண்டு.

இவற்றுள் பலவற்றை அன்று சிலிபினில் அவ்விருவரிடமும் நாம் கூறினோம். பெரியவர் கல்லுமலை இருக்கும் திசையை நோக்கியவாறு, “அப்ப நான் கேட்டது தப்பில்ல” என்றார். தப்பில்லை என்றோம். அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஒரு பல் வலித்ததற்காக அன்று எல்லாப் பல்லையும் எடுத்துவிடும்படி தாமே கேட்டுக்கொண்டதாகவும், அடைத்துக் காப்பாற்ற வழியுண்டு என்று அப்போது ஒருவரும் தமக்குச் சொல்லவில்லை என்றும் கூறினார். பக்கத்தில் நின்ற பேத்தியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்றில் கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே அக்குழந்தையைப் பல் மருத்துவக் கூடத்துக்கு அழைத்துச் செல்வதாக அவர் சொன்னார். வலி வரும்வரை காத்திராமல் நம் தோட்டத்துத் தாய்மார் அனைவரும் அவ்வாறே செய்வார்களாக.